ரோமில் முதல் நான்கு நாட்கள்: முழுமையான வழிகாட்டி

பத்து நாளில் ஆறு நாடு காட்டும் சுற்றுலாத் திட்டங்களில் ரோமுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றரை நாள். கொலோசியத்துக்கு வெளியே நின்று ஒரு படம், ட்ரெவி நீரூற்றில் ஒரு காசு, மறுநாள் காலையில் ஃப்ளோரன்ஸ் பஸ். முதல் முறை நானும் அம்மாவும் அப்படித்தான் போனோம். கொலோசியத்தையும் வாடிகனையும் ஒரே நாளில் முடித்துவிட்டு அறைக்குத் திரும்பியபோது அம்மாவின் இரண்டு காலும் வீங்கியிருந்தன. இன்று என்னென்ன பார்த்தோம் என்று இரவில் பேசிப் பார்த்தால், இருவருக்கும் வரிசையில் நின்றதுதான் நினைவுக்கு வந்தது. அடுத்த முறை ஐந்து இரவு தங்கினோம். நாளுக்கு ஒரே ஒரு முன்பதிவு, மிச்சமெல்லாம் நடை. அந்த இரண்டாவது பயணத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ரோம் அடுக்கடுக்கான ஊர். தேவாலயத்துக்குக் கீழே இன்னொரு தேவாலயம், அதற்கும் கீழே ஒரு வீடு என்று போய்க்கொண்டே இருக்கும். மேல் அடுக்கைப் பார்க்க ஒன்றரை நாள் போதும். கீழே இறங்கிப் பார்க்க நான்கு முழு நாட்களாவது வேண்டும். விமானம் இறங்கும் நாளையும் ஏறும் நாளையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எப்போது போவது, எந்தக் கிழமையில் இறங்குவது

ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பாதி, அக்டோபர். நடக்க ஏற்ற மாதங்கள் இவை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். பழைய ரோமின் நடுச் சதுக்கமான, நிழலே இல்லாத ஃபோரத்தில் இரண்டு மணி நேரம் நடந்தால் தெரியும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி உள்ளூர்க்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஈஸ்டர் வாரத்தில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். குளிர் தாங்குமென்றால் ஜனவரி பிற்பாதி அருமையான காலம். அறை வாடகை இறங்கியிருக்கும், வரிசையும் குறைவு.

மாதத்தைவிடக் கிழமை முக்கியம். வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிறன்று மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், ஆனால் அன்று கூட்டம் நெரியும். போர்கேசே சிற்பக் காட்சிக்கூடத்துக்கும், ஓஸ்தியா ஆந்திக்கா என்ற பழைய துறைமுக ஊருக்கும் திங்கள் விடுமுறை. புதன் காலையில் போப்பின் பொதுச் சந்திப்பு நடந்தால் புனித பேதுரு பேராலயத்துக்குள் நண்பகல் வரை போக முடியாது. மாதத்தின் முதல் ஞாயிறன்று கொலோசியம் உட்பட அரசு அருங்காட்சியகங்கள் இலவசம் என்பதால், அன்று அந்தப் பக்கமே போக வேண்டாம். இத்தனையையும் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. திங்கள் மாலை இறங்குங்கள். செவ்வாய் நகர நடை, புதன் கொலோசியம், வியாழன் வாடிகன், வெள்ளி ஓஸ்தியா அல்லது போர்கேசே, சனி காலை கிளம்பிவிடலாம்.

விசா

இந்தியக் கடவுச்சீட்டுக்கு, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ரோமில் ஐந்து இரவும் பாரிஸில் இரண்டு இரவும் என்றால் இத்தாலி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம் என்பது விதி. ஆனால் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே கோடை விடுமுறைக் காலத்தில் பெரும்பாடு. மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 45 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு 10 ஆண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும்.

விசா கைக்கு வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையையே பதிவு செய்யுங்கள். அதோடு, நாளுக்கு நாள் எங்கே இருப்பீர்கள் என்று ஒரு பக்கத் திட்டம் எழுதி இணையுங்கள். கோப்பைப் பார்ப்பவருக்கும் வேலை எளிது, உங்களுக்கும் பயணம் தெளிவாகும். அக்டோபர் 2025 முதல் ஷெங்கன் எல்லையில் முதல் முறை நுழைபவர்களின் விவரங்களையும் முகப்படத்தையும் பதிவு செய்கிறார்கள். இறங்கிய கையோடு ரயில், டிக்கெட் என்று நேரத்தை இறுக்கி வைக்காதீர்கள்.

எங்கே தங்குவது

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது மோந்தி. கொலோசியத்துக்கும் தெர்மினி ரயில் நிலையத்துக்கும் நடுவில் உள்ள பழைய குடியிருப்பு. நாலு திசைக்கும் நடந்தே போகலாம். வாடிகனை ஒட்டிய பிராத்தி அமைதியானது, தெருக்கள் அகலம், வயதானவர்களுக்கு ஏற்றது. த்ராஸ்தேவெரே மாலையில் அழகு, ஆனால் மெட்ரோ இல்லை, நள்ளிரவு வரை சத்தம் ஓயாது. தெர்மினியை ஒட்டிய எஸ்க்விலினோ பகுதியில் வாடகை குறைவு. அங்குள்ள எஸ்க்விலினோ சந்தையில் பச்சை மிளகாய், கொத்தமல்லி, பாஸ்மதி எல்லாம் கிடைக்கும். குழந்தைகளோடு போய், சமையலறை உள்ள அறை எடுப்பவர்களுக்கு அதுவே நல்ல இடம்.

அறை வாடகையோடு நகராட்சி வரி தனியாக உண்டு. தலைக்கு, இரவுக்கு என்று கணக்கு. மூன்று நட்சத்திர விடுதியில் 6 யூரோ, ஐந்து நட்சத்திரத்தில் 10. பழைய கட்டடங்களில் லிஃப்ட் இல்லாமலும் இருக்கும், இரண்டு பேர் பெட்டியோடு நிற்க முடியாத அளவிலும் இருக்கும். அம்மா அப்பாவோடு போகிறவர்கள் மாடி எத்தனை, லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பதிவுகள்

எல்லாவற்றிலும் சிரத்தை வேண்டிய இடம் இதுதான். ரோமில் முன்பே எடுத்தாக வேண்டியவை மூன்று.

முதலாவது கொலோசியம். அதிகாரப்பூர்வ தளத்தில் 30 நாள் முன்பு விற்பனை திறக்கும். சாதாரண டிக்கெட் 18 யூரோ. அதிலேயே ஃபோரமும் பாலத்தீனோ குன்றும் சேர்த்தி, 24 மணி நேரம் செல்லும். விலங்குகளையும் வீரர்களையும் அடைத்து வைத்திருந்த நிலத்தடிப் பகுதிக்கும் இறங்க விரும்பினால் 24 யூரோ டிக்கெட். அது திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். நாள்காட்டியில் குறித்து வைத்து உட்காருங்கள். டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், வாசலில் சரிபார்ப்பார்கள். நம் ஊரில் இனிஷியல் போடும் பழக்கத்தால் குழப்பம் வரும் இடம் இது. கடவுச்சீட்டில் இனிஷியல் விரிந்திருந்தால் இங்கும் விரித்தே எழுதுங்கள்.

இரண்டாவது வாடிகன் அருங்காட்சியகம். சுமார் இரண்டு மாதம் முன்பே திறக்கும். 20 யூரோவும் முன்பதிவுக்கு 5 யூரோவும். மூன்றாவது, நீங்கள் போவதாக இருந்தால், போர்கேசே. முன்பதிவு இல்லாமல் அங்கே உள்ளே போகவே முடியாது. இரண்டு மணி நேரப் பிரிவுகளாக ஆட்களை விட்டு, மணி ஆனதும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

தேடுபொறியில் முதலில் வருபவை பெரும்பாலும் மறுவிற்பனைத் தளங்கள். அதே டிக்கெட்டை இரண்டு மடங்கு விலைக்குத் தருவார்கள். என் முதல் பயணத்தில் அப்படித்தான் ஏமாந்தேன். விலைகள் அவ்வப்போது மாறும், பணம் கட்டும் முன் அதிகாரப்பூர்வ தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இறங்கியதும்

ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து லியோனார்தோ எக்ஸ்பிரஸ் எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் தெர்மினி சேரும், 14 யூரோ. த்ராஸ்தேவெரே, ஓஸ்தியென்சே பக்கம் தங்குபவர்களுக்கு 8 யூரோ சாதாரண ரயிலே போதும், அது தெர்மினிக்குப் போகாது. மூன்று நான்கு பேர் பெட்டிகளோடு இருந்தால் டாக்சிதான் லாபம். பழைய மதிலுக்குள் எங்கே போனாலும் 55 யூரோ என்று நகராட்சி நிர்ணயித்திருக்கிறது. நகராட்சி உரிமம் பெற்ற வெள்ளை டாக்சி நிற்கும் வரிசையில் மட்டும் ஏறுங்கள். உள்ளே வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுபவர்களோடு போகாதீர்கள்.

நகருக்குள் பஸ், மெட்ரோ, டிராம் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட், 1.50 யூரோ, 100 நிமிடம். கார்டைத் தட்டியே ஏறலாம். காகித டிக்கெட் என்றால் பஸ்ஸில் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். யு.பி.ஐ. இருக்கிறதே என்று நம்பிப் போகாமல், ஃபாரெக்ஸ் கார்டும் சில்லறையாக நூறு யூரோவும் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு இயந்திரம் "ரூபாயிலா, யூரோவிலா" என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். நம் ஊர் இரண்டு முள் சார்ஜர் பெரும்பாலும் அங்கே பொருந்தும், மூன்று முள்ளுக்கு அடாப்டர் வேண்டும்.

காலணி பற்றி ஒரு வார்த்தை. பழைய தெருக்கள் முழுக்கச் சிறு கருங்கற்கள் பதித்தவை. மெல்லிய செருப்பில் நடந்தால் ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் தெரியும். தடித்த அடி உள்ள ஷூவை ஊரிலேயே இரண்டு வாரம் போட்டுப் பழக்கி எடுத்துப் போங்கள்.

முதல் நாள்: நகர நடை

அன்று பெரிய முன்பதிவு எதுவும் வேண்டாம், நேர வித்தியாசம் உடம்பில் இருக்கும். எப்படியும் அதிகாலையிலேயே விழிப்பு வந்துவிடும். அதைப் பயன்படுத்தி ஏழு மணிக்குள் ட்ரெவி நீரூற்றுக்குப் போய்விடுங்கள். 1762-இல் முடிந்த சிற்பம் அது. ஆனால் அதில் விழும் தண்ணீர், கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா வெட்டிய கால்வாயின் வழியில் வருவது.

அங்கிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் பாந்தியோன் என்ற பழைய ரோமானியக் கோயில். கி.பி. 126 வாக்கில் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் கட்டி முடித்தது. முகப்பில் இருப்பது அதற்கு முன் அங்கே இருந்த கோயிலைக் கட்டிய அக்ரிப்பாவின் பெயர். குவிமாடத்தின் குறுக்களவு 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே 43.3 மீட்டர். ஒரு முழுப் பந்தை உள்ளே வைக்கலாம். கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் உலகிலேயே பெரியது இதுதான். நுழைவு 5 யூரோ. உள்ளே போனதும் எல்லோரும் மேலே உள்ள திறந்த வட்டத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கொஞ்சம் தரையையும் பாருங்கள். நடுவில் சலவைக்கல்லில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். மேலே இருந்து விழும் மழை அவற்றின் வழியே இறங்கிப் போகும். மழை நாளில் போக வாய்த்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அடுத்து, பக்கத்திலேயே சான் லூயிஜி தெய் ஃப்ரான்செசி தேவாலயம், கட்டணம் இல்லை. இடது பக்கக் கடைசிச் சிற்றறையில் கரவாஜ்ஜோவின் மூன்று ஓவியங்கள் இருக்கின்றன. இருட்டாக இருக்கும். ஓரத்தில் ஒரு பெட்டி, அதில் காசு போட்டால் விளக்கு எரியும். ஒரு மேசையைச் சுற்றிப் பணம் எண்ணிக்கொண்டிருப்பவர்கள், வலது பக்கமிருந்து நீளும் ஒரு கை, அந்தக் கைக்கு மேலாக வந்து விழும் வெளிச்சம். சற்று நேரத்தில் விளக்கு அணைந்துவிடும். அருகில் நிற்பவர் யாராவது அடுத்த காசைப் போடுவார். 1600 வாக்கில் எந்தச் சுவருக்காக வரைந்தாரோ அதே சுவரில் அந்தப் படங்கள் இன்னும் இருக்கின்றன. தேவாலயங்களை மதியம் பன்னிரண்டரை வாக்கில் மூடி மூன்று, நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

பியாத்சா நவோனாவின் நீள்வட்ட வடிவம், கீழே புதைந்திருக்கும் பேரரசர் தொமீஷியனின் ஓட்டப்பந்தய அரங்கின் வடிவம். நடுவில் சிற்பி பெர்னினி வடிவமைத்த நான்கு நதிகளின் நீரூற்று, 1651-இல் முடிந்தது. நைல், தான்யூப், லா பிளாத்தா, நான்காவது நம் கங்கை. கையில் நீண்ட துடுப்போடு சாய்ந்திருப்பவர்தான் கங்கை. அங்கே அவர் ஆண் உருவம்.

இரண்டாம் நாள்: கொலோசியமும் அதன் கீழும்

காலை எட்டரைக்குத் திறக்கும், முதல் நேரத்தையே எடுங்கள். பெரிய பை, கண்ணாடி பாட்டில் விடமாட்டார்கள். கொலோசியத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். ஃபோரத்துக்கு அதைவிட நேரம் வையுங்கள் என்பது என் கருத்து. பலர் களைத்துப்போய் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். தீத்தஸ் வளைவின் உட்பக்கத்தில் எருசலேம் ஆலயத்திலிருந்து ஏழு கிளை விளக்கைத் தூக்கிவரும் காட்சி செதுக்கியிருக்கிறது. ஜூலியஸ் சீசரின் உடலை எரித்த இடத்தில் ஒரு மண்மேடு, யாராவது பூ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

மூன்று பெரும் வளைவுகளோடு நிற்பது மக்ஸென்ஷியஸ் மண்டபம். அது எழும்புவதற்கு முன் அதே இடத்தில் தொமீஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினர் என்று சங்கப் பாடல் சொல்லும் மிளகு, முசிறியிலிருந்து கடல் கடந்து, எகிப்து வழியாக வந்து சேர்ந்த நகரம் இது. கரூரிலும் புதுக்கோட்டையிலும் கிடைத்த ரோமானியக் காசுகளை அருங்காட்சியகத்தில் பார்த்தவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் நிற்பார்கள். நான் நின்றேன். வழிகாட்டிப் பலகையைப் படித்துச் சொன்னதும் அம்மா, "நம்ம மிளகா?" என்று கேட்டார்.

மதியம் ஓய்வெடுத்துவிட்டு மூன்று மணிக்கு மேல் சான் கிளமெந்தே போங்கள். கொலோசியத்திலிருந்து ஐந்து நிமிட நடை. இந்த ஊரில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போகலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மேலே 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், தங்கப் பொன்னிறச் சுவர்ப்படங்களோடு. டிக்கெட் வாங்கிப் படி இறங்கினால் 4-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், மங்கிய சுவரோவியங்களோடு. இன்னும் இறங்கினால் முதலாம் நூற்றாண்டுக் கட்டடங்கள், ஒரு சந்து, மித்ரா என்ற பழைய தெய்வத்தின் வழிபாட்டுக்கான தாழ்ந்த அறை. அங்கே குளிர்ந்த காற்றில் ஓடும் தண்ணீரின் சத்தம் கேட்கும். சத்தம் வரும் பக்கம் போனால், செங்கல் சுவருக்குள் ஒரு திறப்பில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கும். படம் எடுக்க அனுமதி இல்லை. முட்டி வலி உள்ளவர்கள் இறங்கும் முன் ஏறுவதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: வாடிகன்

தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். சல்வாரும் புடவையும் தாராளமாகப் போதும். முதலில் பேராலயம், பிறகு அருங்காட்சியகம் என்று போங்கள். பேராலயம் ஏழு மணிக்குத் திறக்கும், கட்டணமில்லை. எட்டரைக்கு மேல் பாதுகாப்புச் சோதனை வரிசை சதுக்கத்தைச் சுற்றி வளரும். நுழைந்ததும் வலப்பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா. இறந்த மகனை மடியில் ஏந்திய தாய். அதை முடித்தபோது அவருக்கு வயது 25-கூட ஆகவில்லை. குவிமாடத்தின் மேல் ஏற 551 படி. லிஃப்ட் எடுத்தாலும் 320 படி மிச்சம் இருக்கும். உச்சியை நெருங்கும்போது சுவர் சாய்ந்து, உடம்பைச் சாய்த்துக்கொண்டே ஏற வேண்டும். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் கீழே சதுக்கத்திலேயே உட்காரலாம்.

அருங்காட்சியக வாசல் வேறு பக்கம், மதிலை ஒட்டிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். அதனால் பத்தரை மணி டிக்கெட்டாக எடுங்கள். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். லாவோகூன் சிற்பம், ரஃபேலின் அறைகள், சிஸ்தீன் சிற்றாலயம், இவை போதும். சிஸ்தீனில் விதானம் 1508 முதல் 1512 வரை, எதிர்ச் சுவரின் இறுதித் தீர்ப்பு 1536 முதல் 1541 வரை வரைந்தது. இங்கும் படம் எடுக்கக் கூடாது. கூட்டம் நடுவில் நின்று கழுத்து வலிக்கப் பார்க்கும். சுவரோரம் பெஞ்சுகள் இருக்கின்றன, யாராவது எழும்போது உட்கார்ந்துவிடுங்கள். இருபது நிமிடம் உட்கார்ந்து பார்த்தால்தான் உருவங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும்.

தெர்மினியிலிருந்து வாடிகன் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ் பிக்பாக்கெட்டுக்குப் பெயர்போனது. மெட்ரோ ஏ தடமும் அப்படித்தான். கடவுச்சீட்டு உடம்போடு ஒட்டிய பையில், பர்ஸ் முன் பக்கம். கையில் கயிறு கட்டிவிட, ரோஜா கொடுக்க வருபவர்களிடம் நிற்காமல் நடந்துவிடுங்கள். அவசரத்துக்கு 112.

சாப்பாடும் தண்ணீரும்

சைவம் என்றால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. காச்சோ எ பெப்பே ரோமின் சொந்த உணவு. பாஸ்தா, ஆட்டுப்பால் சீஸ், இடித்த மிளகு, அவ்வளவுதான். நம் வெண்பொங்கல் சாப்பிட்ட நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். ஆனால் அந்த சீஸை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதி சேர்க்கிறார்கள், கண்டிப்பான சைவக்காரர்கள் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு மரினாரா பீட்சா. தக்காளி, பூண்டு, எண்ணெய், மூலிகை, சீஸே கிடையாது. சுப்ளி என்ற சோற்று உருண்டை சைவம் போலத் தெரியும், உள்ளே பெரும்பாலும் இறைச்சி இருக்கும். "சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே", அதாவது இறைச்சி, மீன் இல்லாமல், என்று சொல்லிப் பழகுங்கள். எடைக்கு விற்கும் பீட்சாக் கடைகளில் எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி, நிறுத்துத் தருவார்கள். காபியை நின்றுகொண்டே குடியுங்கள், மேசையில் உட்கார்ந்தால் விலை ஏறிவிடும். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் "போன் ஜோர்னோ" சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருவோரம் இடுப்பளவு இரும்புத் தூண்கள், வளைந்த மூக்கிலிருந்து தண்ணீர் நிற்காமல் ஓடும். ஊர் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேல் உண்டு. மூக்கின் முனையை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளையிலிருந்து தண்ணீர் வளைந்து பாயும். அதிகம் குனியாமல் வாய் வைத்துக் குடிக்கலாம். ஒரு பள்ளிச் சிறுவன் குடித்ததைப் பார்த்துத்தான் நாங்கள் கற்றோம்.

நான்காம் நாள்: தேர்வு உங்களுடையது

சிற்பத்தில் ஆசை உள்ளவர்களுக்குப் போர்கேசே. பெர்னினியின் அப்பல்லோவும் தாஃப்னேயும் அங்கே இருக்கிறார்கள். தாஃப்னேயின் விரல்கள் இலைகளாக மாறும் இடத்தில், பளிங்கு இலை அவ்வளவு மெல்லியது. சுற்றி வந்து பின்பக்கமும் பாருங்கள்.

கூட்டத்தை விட்டு ஒதுங்க நினைப்பவர்களுக்கு ஓஸ்தியா ஆந்திக்கா, ரோமின் பழைய துறைமுக ஊர். பிரமிதே மெட்ரோ நிலையத்தை ஒட்டியே ரயில் கிளம்பும். நகரத்துக்கான அதே ஒன்றரை யூரோ டிக்கெட், சுமார் அரை மணி நேரம். கடல் பின்வாங்கி, ஊர் மண்ணில் புதைந்து கிடந்ததால் தெருக்கள், பல அடுக்குக் குடியிருப்புகள், பொதுக் கழிப்பறை, கல் மேசையோடு ஒரு சாப்பாட்டுக் கடை வரை நிற்கின்றன. அரங்கத்துக்குப் பின்னால் வணிகர்களின் சதுக்கம். ஒவ்வொரு அலுவலகத்தின் முன்னும் கறுப்பு வெள்ளைக் கல் பதித்த படம். கப்பல், கலங்கரை விளக்கு, தானியம் அளக்கும் பாத்திரம், ஓரிடத்தில் ஒரு யானை. எந்தக் கடைக்கு எது சரக்கு என்று படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியட்டும் என்று போட்டது போலவே இருக்கும். நிழல் குறைவு, தொப்பியும் பழமும் எடுத்துப் போங்கள். அரங்கத்தின் மேல் படியில் உட்கார்ந்து மதியம் சாப்பிடலாம். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் வணிகர் சதுக்கம் முழுவதும், அதற்கு அப்பால் பைன் மரங்களும் தெரியும். அம்மா அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கவில்லை.